வாயாடிக்கு எத்தனை ஏ?

"தம்பி, கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு இதைப் பாரு."

"அக்கா, வரிசையில நிக்கிறாங்க பாருங்க..."

"நிக்கட்டும். நிக்க முடியுதுல்ல அவங்களால? எம் பொண்ணு உக்காரக்கூட முடியாம துடிக்கிறா."

மொபைல் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பை, அவர் மனைவியின் குளிர்ச்சட்டை எல்லாவற்றுக்கும் ஜிப் மாற்றிக் கொடுத்தவள்தான் எதிரே நிற்கிறாள். தெருவுக்கே அவள் ஜிப்பக்கா. இத்தனை வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. கடை வாசலில் படி இருந்ததால் சக்கர நாற்காலி பாதி வெயிலில் நின்றது. அதில் அவளுடைய சின்ன மகள், முப்பது வயதுக்காரி, கழுத்து ஒரு பக்கமாக இழுக்கப் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு வாயாடிக்கு?"

பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசாதவளுக்கு வாயாடி என்று பேர் வந்ததற்குக் காரணம், நாற்காலியின் கைப்பிடியில் பொருத்தியிருந்த பழைய டேப்லட். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். எதைத் தொட்டாலும் அதற்குரிய சொல்லை அது சொல்லும். அவள் கை தானாக ஆடும் கை. வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்கும், அதுவும் எதைத் தொட்டாலும் இரண்டு முறை விழும். அதனால் அவள் சொல்வதெல்லாம் இரட்டை. "பசிக்குது, பசிக்குது." "டிவி போடு, டிவி போடு." "ஒரு தடவை சொன்னா எங்களுக்குக் காது கேக்காதாடி, வாயாடி!" என்று அவள் அக்கா கேலியாகச் சொன்னது, பேராகவே ஒட்டிக்கொண்டது.

இன்று காலையிலிருந்து வாயாடி பேசவில்லை. டேப்லட்டில் படங்கள் இல்லை. ஒரு சாம்பல் நிறப் பெட்டியும் அதற்குள் இரண்டு வரி ஆங்கிலமும்தான் இருந்தன.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

"'இந்த ஆப்பை வாங்கினவர் இனிமே இதை உங்களோட பகிர்ந்துக்கல'ன்னு போட்டிருக்கு."

"பகிர்ந்துக்கலையா" என்றாள் ஜிப்பக்கா. அந்தச் சொல்லில் கல் கடிபட்டதுபோல அவள் முகம் போயிற்று.

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. பார்த்தாலே பயமா இருக்கு."

"அங்கேர்ந்துதான் வரேன். தொட்டா கத்துறா, தொடாட்டியும் கத்துறா. டாக்டரம்மா என்ன பண்ணுவாங்க? எங்க வலிக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, இல்லாட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்கன்னாங்க."

"அப்போ போக வேண்டியதுதானே?"

"போன தடவை போனேன். இது சார்ஜ் இல்லாம செத்துக் கிடந்துச்சு. கால் விரல் ஒடிஞ்சிருக்கு, அது தெரியாம இவளுக்கு வலிப்புன்னு ஊசி போட்டுத் தூங்க வெச்சுட்டாங்க. கையைக் கட்டிலோட கட்டிட்டாங்க தம்பி. முழிச்சா வலி, மறுபடி ஊசி. வாய் இல்லாம இவளை அங்க கொண்டு போகமாட்டேன்."

"ஆமா, இல்லைன்னு தலையாட்டச் சொல்லலாமே?"

"வலி வந்தா தலை இவ பேச்சைக் கேக்காது. காதான்னு கேட்டா ஆட்டுறா. பல்லான்னு கேட்டா ஆட்டுறா. நீ கழுதையாடின்னு கேட்டாலும் ஆட்டுவா."

"பேப்பர்ல படம் போட்டு..."

"போட்டேன். தொட்டுப் பார்த்தா. சத்தம் வரல. மறுபடி தொட்டா. பேப்பர் எங்க பேசும்? கிழிச்சு எறிஞ்சுட்டு அழுதா."

கடைக்காரர் டேப்லட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். துணியால் துடைத்தார். மேல் வலது மூலையில் தடித்த துணிநாடா ஒட்டியிருந்தது, இரண்டு மூன்று மடிப்பாக.

"இங்க என்னக்கா ஒட்டியிருக்கீங்க?"

"கீறல்."

அவர் எதையெதையோ திறந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். தலையைச் சொறிந்தால் கேட்கப் பயமான ஏதோ வருகிறது என்று அவளுக்குத் தெரியும்; அவளும் வாடிக்கையாளர்களிடம், துணி கிழிந்தால், அதைத்தான் செய்வாள்.

"அக்கா, இந்த ஆப்பை இப்ப விக்கிறதில்ல. கடையிலேர்ந்தே எடுத்துட்டாங்க. புதுசா வந்திருக்கிறது இந்தப் பழைய டேப்லட்ல ஓடாது. பழசு புது டேப்லட்ல ஓடாது."

"புதுசு எனக்கு வேண்டாம். நேத்து வரைக்கும் இருந்தது போதும்."

"இதை வாங்கினது வேற ஒருத்தர். ஒருத்தர் வாங்கினதைக் குடும்பமே வெச்சுக்கலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு. வாங்கினவர் குடும்பத் தலைவர் மாதிரி. அவர் யார் யாரைக் குடும்பத்துல சேர்க்கிறாரோ, அவங்களுக்கெல்லாம் கிடைக்கும். நேத்து அந்தத் தலைவர் குடும்பத்தைக் கலைச்சுட்டார்."

"கலைச்சுட்டாளா?"

"யாருக்கா அது?"

ஜிப்பக்கா வாசலைப் பார்த்தாள். வாசலில் முனகல் ஒரு படி ஏறி, தேம்பலாகி, மறுபடி முனகலாயிற்று.

"அக்கா, வாங்கினவங்க யாரு?"

"இருக்கா."

"கூப்பிடுங்க."

"நீ கூப்பிடு. நம்பர் சொல்றேன்." எழுதி வைத்திருக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள். "நான் கூப்பிடுறதில்ல."

அந்த நம்பர் பெரிய மகளுடையது; அவள் தண்ணீர் வாரியத்தின் புகார் எண்ணில் பேசுகிறவள். நாள் முழுக்கத் தெரியாத மனிதர்களின் கோபத்தைக் கேட்டுக்கொள்வது அவள் வேலை. தன் அம்மாவின் கோபத்தை அவளால் கேட்டுக்கொள்ள முடியவில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள், "நீயும் இன்னும் எத்தனை வருஷம் இவளைத் தூக்கி இறக்குவே? நல்ல இல்லமா ஒண்ணு பார்த்துச் சேர்த்துடலாம்மா" என்றாள். "உனக்கு அவ பாரம்னா எனக்கு நீ பாரம். இனிமே இந்தப் படி ஏறாதே" என்றாள் அம்மா. ஏறவில்லை. பேசவும் இல்லை.

ஆனால் வீட்டில் அவள் குரல் நின்றதே இல்லை. அந்த ஆப் வாங்கிய காலத்தில் அதற்குத் தமிழ் பேசத் தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் யாராவது பேசிப் பதிய வேண்டும். பெரியவள்தான் உட்கார்ந்து எல்லாச் சொல்லையும் பேசிக் கொடுத்தாள். அதனால் "பசிக்குது" என்று வாயாடி சொன்னாலும், வந்தது பெரியவளின் குரல். தையல் மெஷினில் முதுகைக் காட்டி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டேதான் அம்மா இத்தனை மாதம் வைராக்கியமாக இருந்தாள்.

இன்று காலையில் ஒரே அடியாக இரண்டு மகள்களும் ஊமையாகிவிட்டார்கள்.

"ஹலோ, யாரு பேசுறீங்க?"

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததும் வாசலில் முனகல் சட்டென்று நின்றது. வாயாடி கழுத்தை இழுத்து இழுத்துக் கடைக்குள் பார்த்தாள்.

"என்னக்கா இது, டேப்லட்ல வர்ற குரலாச்சே!" என்றார் கடைக்காரர்.

"ஹலோ?"

"மேடம், மொபைல் கடையிலேர்ந்து பேசுறேன். உங்க அம்மா இங்க இருக்காங்க. உங்க தங்கச்சி டேப்லட் நின்னுபோச்சு."

"அம்மாவுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லு. அவ பண்ணின காரியத்தைச் சரி பண்ணச் சொல்லு."

"உங்கம்மா சொல்றாங்க..."

"கேட்டுது. நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க."

"நீங்க என்ன பண்ணினீங்கன்னு..."

"எனக்கும் காது இருக்கு தம்பி. நேத்து குடும்பத்தைக் கலைச்சாளா இல்லையான்னு கேளு."

அந்தப் பக்கம் "ஐயோ" என்றது குரல். "நேத்து போன் மாத்தினேன். பழசைக் குடுக்கும்போது அந்தக் கடையில கேட்டாங்க, ஃபேமிலின்னு ஒண்ணு இருக்கே, எடுத்துடவான்னு. எடுத்துடுங்கன்னேன். அதுலதான் அவ பேச்சு இருக்குன்னு எனக்கு நினைப்பே வரல."

"நினைப்பு எப்படி வரும்?" என்றாள் அம்மா கடைக்காரரைப் பார்த்து.

"அவளுக்கு என்ன? ஏன் அழற சத்தம் கேக்குது?"

கடைக்காரர் சொன்னார். வலி, எங்கே என்று தெரியவில்லை, பெரிய ஆஸ்பத்திரி, ஊசி. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும் யாரிடமோ "நான் கிளம்பறேன்" என்று சொல்வதும் கேட்டன.

"இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க."

"டேப்லட் பழசு மேடம். உங்க போன்லேர்ந்து அழைப்பு அனுப்பினா இதுல திறக்காது. வாங்கின கணக்குல இதுலயே உள்ள போய், குடும்பத்தை மறுபடி உண்டாக்கணும். பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அது... 'வாயாடி'. இங்கிலீஷ் எழுத்துல. வேற எண்ணு கிண்ணு ஒண்ணும் கிடையாது. அப்பல்லாம் கேக்க மாட்டாங்க."

கடைக்காரர் தட்டினார். தப்பு என்றது.

"மேடம், வாயாடிக்கு எத்தனை ஏ?"

"எத்தனைன்னா?"

"வா-வுக்கு ஒரு ஏ போட்டேன், யா-வுக்கு ஒரு ஏ போட்டேன். தப்புங்குது."

"நான் அப்படித்தான் எழுதுவேன்."

"ரெண்டும் நெடில்தானே தம்பி? நெடிலுக்கு ரெண்டு போடு" என்றாள் அம்மா.

போட்டார். தப்பு.

"முதல்ல ரெண்டு, அடுத்ததுக்கு ஒண்ணு?"

தப்பு.

"மேடம், வா-வுக்கு வி-யா, டபிள்யூ-வா?"

"எனக்குத் தெரியலைங்க! எத்தனையோ வருஷம் ஆச்சு. அப்புறம் அது கேக்கவே இல்ல, போனே ஞாபகம் வெச்சுக்கிச்சு."

"நல்லாப் பேர் வெச்சேடி. எழுதத் தெரியாத பேரு."

அதுதான் அவள் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். சொல்லிவிட்டது அவளுக்கே தெரியவில்லை. கடைக்காரர் இன்னொரு தடவை தட்டினார். திரையில் ஒரு பூட்டுப் படம் வந்தது.

"என்ன தம்பி?"

"கணக்கைப் பூட்டிட்டான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விடுவான்."

"கொஞ்ச நேரம்னா?"

"சொல்ல மாட்டான்க்கா."

வாயாடியின் உடம்பு வில்லாக வளைந்தது. நாற்காலியின் பெல்ட் இழுபட்டு அறுவதுபோலக் கிறீச்சிட்டது. அம்மா ஓடிப்போய் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கடி? எங்கம்மா? எனக்கு ஒரு தடவை காட்டுடி, கண்ணு. ஒரே ஒரு தடவை." வரிசையில் நின்றவர்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொருவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒரு வழி இருக்கு" என்றார் கடைக்காரர் உள்ளிருந்து. "இதை அழிச்சுட்டு மறுபடி இறக்கிப் பார்க்கிறேன். சில சமயம் பிடிச்சுக்கும்."

"எதையாவது பண்ணு. சீக்கிரம் பண்ணு."

அவர் ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்தார். அது குளிரில் நடுங்குவதுபோல நடுங்கி, தலையில் ஒரு பெருக்கல் குறி முளைத்தது.

"என்ன பண்றீங்க? அழிக்கிறீங்களா?" போன் மேசைமேல் அலறியது. "கையை எடுங்க! அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு! நான் பேசினது எல்லாம் அந்த டேப்லட்ல மட்டும்தான் இருக்கு. அழிச்சா ஆப் வரும், குரல் வராது! அம்மா, அந்தாள் கையைப் பிடி!"

ஜிப்பக்கா வாசலிலிருந்து மேசைக்கு எப்படி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கடைக்காரரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"விடுங்கக்கா, எடுத்துட்டேன், எடுத்துட்டேன்."

படம் நடுக்கத்தை நிறுத்தியது. அவள் மணிக்கட்டை விடவில்லை.

"அம்மா."

ஜிப்பக்கா போன் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, டேப்லட்டை அவகிட்ட கொண்டு போ. ஸ்டாண்ட்ல மாட்டு. எப்பவும் இருக்கிற மாதிரி."

"ஓடாததை மாட்டி என்னடி பண்ண?"

"மாட்டும்மா. அவ படத்தைப் பார்த்தா தொடுறா? அவ விரலுக்கு இடம் தெரியும். விரல் எங்க போகுதுன்னு பார்த்து எனக்குச் சொல்லு. எந்த இடத்துல எந்தச் சொல்லுன்னு அடுக்கினவ நான்தானே."

"எனக்கே இத்தனை வருஷத்துல தெரியாதே. நான் முதுகைக் காட்டிக்கிட்டுக் காதாலதானே கேட்டேன்?"

"இப்பக் கண்ணால பாரு."

டேப்லட்டை மாட்டினார்கள். போனை வாயாடியின் காதருகே பிடித்துக்கொண்டு கடைக்காரர் படியில் உட்கார்ந்தார். விரல் ஆடியது, தேடியது, மேலே ஏறியது.

"மேல. வலது பக்கம், மூலை..." அம்மா நிறுத்தினாள். "அதை விடு."

"மேல வலது மூலையா?"

"அதை விடுன்னேன்ல? கைதவறிப் போகுது. இரு, இறங்குறா. கீழ. இடது ஓரம்."

அந்தப் பக்கம் பெரியவள் குரலைச் சரிசெய்துகொண்டாள். அம்மாவிடம் பேசும் குரலும் புகார் எண்ணில் பேசும் குரலும் இல்லை அது. டேப்லட்டின் குரல்.

"உடம்பு, உடம்பு."

இரண்டு முறை. வாயாடியின் கண் விரிந்தது. வாயிலிருந்து காற்றாக ஒரு சத்தம் வந்தது. விரல் உடனே அடுத்த இடத்துக்குப் போயிற்று, இந்த முறை ஆட்டம் குறைவாக.

"நடுவுல. நடுவுக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டு தடவை தொட்டா."

"வயிறு, வயிறு."

"ஐயோ, வயிறா? வயிறாடி?"

"பேசாதேம்மா. அவ பேசட்டும். அடுத்தது?"

"வலது. வலது ஓரம், அதே வரிசை."

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம். அம்மா, அது வலது கைப் பக்கம். அடுத்தது?"

"மேல, இடது. மூணாவது... இல்ல, ரெண்டாவது கட்டம் இருந்த இடம்."

"நேத்து, நேத்து."

"நேத்தா? நேத்து ராத்திரி சாப்பாட்டைத் தள்ளினாளே! நான் திட்டினேனேடி. கொழுப்புன்னு திட்டினேனே."

விரல் மறுபடி ஆடித் தேடியது. கீழே வந்தது. தட்டியது. தட்டிய இடத்திலேயே நின்றது.

"கீழ, நடுவுல. அங்கேயே வெச்சிருக்கா. எடுக்க மாட்டேங்கிறா."

பெரியவளிடமிருந்து சொல் வர நேரமாயிற்று. வந்தபோது அது டேப்லட்டின் குரலாக இல்லை.

"பயமா இருக்கு, பயமா இருக்கு."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து ஷட்டரைப் பாதி இழுத்தார். "வண்டி பிடிக்கிறேன்க்கா. வயிறு, வலது பக்கம், நேத்துலேர்ந்து. தாமதிக்கிற விஷயம் இல்ல. என் போனையே கொண்டு போங்க. அணைச்சுடாதீங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், அம்மா விரலைப் பார்த்தாள், போன் பேசியது. "இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்லை" என்று சொன்ன டாக்டர், ஊசியை எடுக்காமல் போனைப் பார்த்து, "எப்படி வலிக்குதும்மா, விட்டு விட்டா, ஒரேயடியாவா?" என்று கேட்டார். குடல்வால் வீங்கி வெடிக்கப் பார்க்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அறுவை அறையின் கதவு வரைக்கும் போன் கூடவே போயிற்று. கதவருகில் நர்ஸ் அதை வாங்கி அம்மா கையில் கொடுத்தாள். "இதுக்கு மேல வேண்டாம்மா."

கதவு மூடியது. கையில் போன், மடியில் டேப்லட். "உள்ள போயிட்டா" என்றாள் அம்மா. போனுக்குச் சொன்னாள், பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"பார்த்தேன்."

பெரியவள் நின்றிருந்தாள். கழுத்தில் வேலை செய்யும் இடத்து ஹெட்செட் கழற்றப்படாமல் தொங்கியது. அதன் ஒயர் முழங்கால் வரை ஆடியது.

"உக்காரு" என்றாள் அம்மா. "மாட்டைக் கட்டற மாதிரி என்னடி அது கழுத்துல?"

"அவசரத்துல வந்துட்டேன்."

உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலி. அம்மா டேப்லட்டை அந்தக் காலி நாற்காலியில் வைத்தாள்.

"முழிக்கும்போது அவளுக்கு வாய் வேணும். கையைக் கட்டுறதுக்கு முன்னாடி வேணும். பூட்டைத் திறந்துட்டானா பாரு."

"திறந்துட்டான். ஆனா பாஸ்வேர்டு தெரியணுமே. மறுபடி தப்பா அடிச்சா மறுபடி பூட்டுவான். அப்புறம் எப்போ விடுவானோ."

"யோசி."

"யோசிச்சுக்கிட்டேதான் வந்தேன். வி ஒண்ணு, ஏ ரெண்டு, ஒய் ஒண்ணு... எதை அடிச்சேன்னே ஞாபகம் இல்ல. நான் அடிச்ச மாதிரியே ஞாபகம் இல்லம்மா."

"பின்ன யாரு அடிச்சா?"

பெரியவள் நிமிர்ந்தாள். "அவதான். வாயாடின்னு பேர் ஒட்டின புதுசுல பாஸ்வேர்டை மாத்தினப்போ, உன் பேரை நீயே அடிடின்னு சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா காட்டினேன், அவ அடிச்சா. எவ்வளவு சிரிச்சா தெரியுமா?"

"அவ விரலாலயா?"

"பின்ன?"

"அப்போ எல்லாம் ரெண்டு ரெண்டா விழுந்திருக்குமேடி."

பெரியவள் டேப்லட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆனா சரிபார்க்க இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுமேம்மா?"

"இன்னொரு தடவையும் அவதானே அடிச்சா? அப்பவும் ரெண்டு ரெண்டுதான் விழுந்திருக்கும். எந்த விஷயத்தை அவ ஒரு தடவையோட விட்டிருக்கா?"

பெரியவள் அடித்தாள். இரண்டு வி. இரண்டு ஏ. இரண்டு ஒய். ஒவ்வொரு எழுத்தையும் அம்மா பக்கத்தில் முணுமுணுத்தாள், நூல் கோக்கும்போது மூச்சைப் பிடிப்பதுபோல. கடைசி ஐ விழுந்ததும் இருவரும் திரையைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பெரியவளின் போனுக்கு ஒரு எண் வந்தது. அதையும் தட்டினாள். கணக்கு திறந்தது.

"அழாதே. மூக்கைத் துடைச்சுட்டு அடுத்தது என்னன்னு படி."

"'குடும்பத்தை உண்டாக்கு'ன்னு இருக்கு."

"உண்டாக்கு."

"யாரைச் சேர்க்கணும்னு கேக்குது. அவளைச் சேர்த்துட்டேன். வேற யாரையாவது சேர்க்கணுமாங்குது."

"யாரைக் கேக்குது?"

"என்னை. உன்னையும் போடட்டுமா?"

"நான் எதுக்கு? நான் என்ன ஆப்பு வாங்கப் போறேனா?"

"இடம் இருக்கும்மா."

"இடம் இருந்தா போடு."

போட்டாள். பிறகு, டேப்லட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடையில ஃபேமிலியை எடுத்துடவான்னு கேட்டப்போ, 'எனக்கு எங்க ஃபேமிலி இருக்கு, எடுத்துடுங்க'ன்னு சொன்னேன்மா. அவரும் சிரிச்சார், நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆனா இது நிக்கும்னு சத்தியமாத் தெரியாது."

பெரியவளின் கட்டைவிரல் நகம், தெரியாமலேயே, திரையின் மேல் வலது மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"கீறல்."

"கீறலுக்கு யாராவது துணிநாடா ஒட்டுவாங்களா? அதுவும் மூணு மடிப்பு?" நகம் நின்றது. "அம்மா, இந்த இடம் எனக்குத் தெரியும். கடையில நீ விடுன்னு சொன்ன இடம் இதுதான்."

"தெரியுதுல்ல, அப்புறம் என்ன?"

"ஏம்மா?"

"தினமும் கேட்டாடி. கண்ணு முழிச்ச உடனே. சாப்பிடும்போது. படுக்கும்போது. 'அக்கா எங்க, அக்கா எங்க'ன்னு. அதுவும் உன் குரல்லயே. நீயே வந்து நீ எங்கன்னு என்னைக் கேக்கிற மாதிரி. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்றது."

"எத்தனை நாளைக்கு?"

"ஒட்டின அப்புறம் கேக்கலையா?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "கேட்டா. துணிமேலயே தட்டினா. சத்தம் வரல. என்னைப் பார்ப்பா. நான் மெஷினை மிதிப்பேன். காலையில வயித்து வலியில துடிக்கும்போதுகூட முதல்ல அங்கதான்டி போச்சு விரலு. உன்னைத்தான் கூப்பிட்டா. நான் கையைத் தட்டிவிட்டேன்."

பெரியவள் நாடாவை ஒரு முனையில் பிடித்து மெதுவாக உரித்தாள். பசை கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றது. எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"நான் அன்னிக்கு இல்லத்தைப் பத்திச் சொன்னதை இப்பவும் தப்புன்னு நினைக்கலம்மா. இன்னிக்கு நீ விழுந்திருந்தா அவளை யாரு கொண்டு வந்திருப்பா?"

"நானும் அவளை விடப்போறதில்ல. சண்டை போடணும்னா வீட்டுக்கு வந்து போடு. இங்க ஆஸ்பத்திரி."

"வரலாமா?"

"படி அங்கதானே இருக்கு."

ஆப்பைத் தொட்டாள் பெரியவள். சாம்பல் பெட்டி ஒரு கணம் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரை முழுக்கப் படங்கள். உடம்பு, வயிறு என்று இப்போது அவளுக்கும் இடம் தெரிந்தது. மேல் வலது மூலையில் பின்னல் போட்ட ஒரு பெண்ணின் முகம், பசைக் கறையோடு.

"குரல் இருக்கான்னு பாரு" என்றாள் பெரியவள்.

அம்மா ஆள்காட்டி விரலை நீட்டி அந்த முகத்தைத் தொட்டாள்.

"அக்கா எங்க."

ஒரு தடவைதான். அந்த வராந்தாவில் அது ஏதோ பாதியில் அறுந்ததுபோல இருந்தது. அம்மா இன்னொரு தடவை தொட்டாள்.

"அக்கா எங்க."

பெரியவள் காலி நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இருவரும் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவு திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

"நல்லபடியா முடிஞ்சது. கண்ணு முழிச்சுட்டாங்க. ஆனா கையை விட மாட்டேங்கிறாங்க, என் உள்ளங்கையிலேயே ரெண்டு ரெண்டு தடவை தட்டுறாங்க. என்ன கேக்கிறாங்கன்னு புரியல."

"எந்த இடத்துல தட்டுறா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டபடி எழுந்தார்கள்.